ரௌட்டர் புதுசு, பெயர் பழசு: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தபின்

"புது ரௌட்டர் மாட்டினா வீட்ல இருக்கிற இருபது சாதனத்துலயும் மறுபடி பாஸ்வேர்ட் அடிக்கணுமா?" என்று நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன். வேண்டாம். ஒன்றில்கூட அடிக்க வேண்டாம். ஆனால் ரௌட்டரோடு வரும் மொபைல் ஆப் சொல்வதையெல்லாம் கேட்டு 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனால் இருபதிலும் அடிக்க வேண்டிவரும்.

நான் ஒரு வருடமாக ஓட்டுவது இரண்டு அலைவரிசை வைஃபை 6 ரௌட்டர். நான்கு ஆன்டெனா, எல்லாம் ஜிகாபிட் போர்ட். இது வருவதற்கு முன் இருந்தது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த பழைய 802.11என் பெட்டி. மற்ற விவரமெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருப்பதால் இங்கே வேண்டாம்.

மாற்றும்போது நடப்பது இதுதான். போனோ பல்போ பிரின்டரோ, 'இது எந்த ரௌட்டர்' என்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவை வைத்திருப்பது நெட்வொர்க்கின் பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை என்ற மூன்றைத்தான். டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பூட்டு வகையில் சாவி உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பாஸ்வேர்டோடு நெட்வொர்க் பெயரையும் கலந்து 4,096 முறை கடைந்தெடுத்தால் 256 பிட் சாவி ஒன்று கிடைக்கும். அந்தக் கணக்கில் ரௌட்டரின் கம்பெனிக்கோ மாடலுக்கோ இடமே இல்லை. பெயரும் பாஸ்வேர்டும் அதேயாக இருந்தால் எந்தப் பெட்டியிலும் அதே சாவிதான் வரும். பெயரில் ஒரு எழுத்து மாறினால், பாஸ்வேர்ட் அதேயாக இருந்தாலும் சாவி வேறு.

ஆகவே பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே வைக்க வேண்டும். ஆங்கிலப் பெயரென்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து முக்கியம். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலும் அது வேறு பெயர்தான். போனில் தட்டும்போது கீபோர்டே ஒரு இடைவெளியைச் சேர்த்துவிடும். தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வம்பு உண்டு. பெயருக்கான எல்லை 32 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும், புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் கணக்கு. 'வீட்டு வைஃபை' என்று வைக்கப்போனால் இடைவெளியோடு 34 பைட். இரண்டு பைட்டால் நுழையாது. 'கொ' போன்ற எழுத்தில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரிந்தும் இருக்கலாம். பார்க்க இரண்டும் ஒன்றேதான். பல்புக்கு மட்டும் வேறு வேறு. பழைய ரௌட்டரின் பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

பழையதைக் கழற்றுவதற்கு முன் அதன் அட்மின் பக்கத்தில் நுழைந்து நான்கு பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வயர்லெஸ் பக்கம், லேன் (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) பக்கம், சாதனங்களுக்கு ஐபி என்ற எண் முகவரியைக் கொடுக்கும் டிஎச்சிபியில் எந்தச் சாதனத்துக்கு எந்த ஐபி ஒதுக்கியிருக்கிறது என்ற பட்டியல், இன்டர்நெட் இணைப்புப் பக்கம். கடைசிப் பக்கத்தில் பிபிபிஓஇ (யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் இணைப்பு முறை) இருந்தால் யூசர் பெயர் தெரியும். பாஸ்வேர்ட் இருக்குமிடத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். அது கையில் இல்லையென்றால் இன்டர்நெட் கொடுப்பவரிடம் கேட்டு வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குவது நல்லது. விலேன் எண் (சில இணைப்புகளில் இன்டர்நெட் கொடுப்பவர் தரும் எண்) இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'பேக்கப் எடு' என்ற பட்டனைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தக் கோப்பு அதே மாடலுக்குத்தான் உதவும். வேறு மாடல் அதைத் தொட்டும் பார்க்காது.

புது ரௌட்டரை லேப்டாப்போடு கேபிளில் இணைத்து, இன்டர்நெட் கேபிளை மாட்டாமலே முதலில் அமைக்க வேண்டும். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் திறப்பது பழைய ரௌட்டரின் பக்கமா புதிதின் பக்கமா என்றே தெரியாது. பழையது ஓடும்வரை புதிதில் கம்பெனி வைத்த பெயரே இருக்கட்டும். ஒரே பெயரில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் பாதிச் சாதனம் இங்கே, பாதி அங்கே என்று பிரிந்து நின்று, பிரின்டர் ஒரு பக்கம் போன் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

நிறையப் பேர் வழுக்குவது லேன் முகவரியில். பழையது 192.168.1.1, புதிது 192.168.0.1 என்று வைத்துக்கொள்வோம். பிரின்டருக்கு 192.168.1.50 என்று நிலையான ஐபி போட்டிருந்தால், புது ரௌட்டரோடு அது ஒழுங்காகச் சேரும், சிக்னல் முழுதாகக் காட்டும், ஆனால் அச்சு மட்டும் வராது. கேமராவும் நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க்கும் இதே கதைதான். வேறெதையும் தொடுவதற்கு முன் புதிதின் லேன் முகவரியைப் பழையதன் முகவரிக்கே மாற்றிவிடுங்கள். ரௌட்டர் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். அதன்பின் புது முகவரியில் நுழைய வேண்டும். டிஎச்சிபி 100 முதல் 199 வரை கொடுக்கட்டும், நிலையான ஐபிகள் அதற்கு வெளியே இருக்கட்டும். இல்லையென்றால் பிரின்டர் தூங்கும் நேரத்தில் அதன் எண்ணை யாரோ ஒருவரின் போன் எடுத்துக்கொள்ளும்.

போன்கள் இப்போது தங்கள் உண்மையான மேக் முகவரியை (வைஃபை சிப்புக்கே உரிய அடையாள எண்) காட்டுவதில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து நெட்வொர்க்குக்கு ஒன்று என்று பொய் முகவரி வைத்துக்கொள்கின்றன. பெயர் மாறாவிட்டால் பெரும்பாலும் அந்தப் பொய்யும் மாறாது. மேக் முகவரியை வைத்துப் போட்ட ஒதுக்கீடுகளை அப்படியே புதிதில் தட்டிவிடலாம்.

இனி இந்த ரௌட்டர் மேல் எனக்கிருக்கும் ஒரே கோபம். இதில் 'ஸ்மார்ட் கனெக்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் சேர்த்து, எந்தச் சாதனம் எதில் இருக்க வேண்டும் என்று ரௌட்டரே முடிவுசெய்யும். எண்ணம் நல்லதுதான். ஒரே பெயர் இருப்பதாலேயே பல்பு செத்துவிடாது, 2.4 மட்டும் தெரிந்த சாதனம் 2.4இல் வந்து சேரும். ஆனால் இந்தச் சுவிட்ச் போட்டிருக்கும்வரை இரண்டுக்கும் ஒரே பாதுகாப்பு வகைதான். அதுவும் டபிள்யூபிஏ2வும் அதற்கடுத்து வந்த டபிள்யூபிஏ3யும் கலந்த முறை. தனித்தனியாக மாற்றும் கட்டங்களையே ஒளித்துவிடுகிறது.

கலந்த முறை புது போன்களுக்கு நல்லது. பழைய பிரின்டருக்கும் மலிவான ஸ்மார்ட் பிளக்குக்கும் விஷம். ரௌட்டர் விநாடிக்குச் சுமார் பத்து முறை 'நான் இருக்கிறேன், என் பூட்டு இன்ன வகை' என்று அறிவிக்கிறது. அந்த அறிவிப்பில் இரண்டு வகைப் பூட்டைச் சேர்த்துச் சொல்லும்போது, பழைய சிப்பில் இருக்கும் மென்பொருள் குழம்பிப்போய் 'இது நமக்குத் தெரிந்த நெட்வொர்க் இல்லை' என்று ஒதுங்கிவிடும். கூடவே, இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளுக்குப் பாதுகாப்புத் தரும் பிஎம்எஃப் என்ற வசதியும் வருகிறது. கட்டாயமில்லை, விருப்பம்தான் என்று போட்டிருந்தாலும் சில சாதனங்கள் அதைப் பார்த்தே மிரளும். பாஸ்வேர்ட் சரி, பெயர் சரி, ஆனாலும் பிளக்கின் நீல விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருக்கும். இந்த நேரத்தில் 'ரீசெட் பண்ணிப் பார்க்கலாம்' என்று அதன் பட்டனை அழுத்துவதுதான் பெரிய தப்பு. அதுவரை அதன் நினைவில் இருந்த பெயரும் பாஸ்வேர்டும் போய்விடும். கோளாறு ரௌட்டரில் இருக்கும்போது பிளக்கைத் தண்டித்து என்ன பயன்?

ஆகவே லேன் முகவரியை மாற்றியதும் அடுத்த வேலை ஸ்மார்ட் கனெக்டை அணைப்பது. 2.4க்குப் பழைய பெயர் (இதை மட்டும் பழையதை அணைத்த பிறகு), பழைய பாஸ்வேர்ட், டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும், பிஎம்எஃப் ஆஃப், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11 இவற்றில் ஒன்று. தானியங்கிச் சேனல் வேண்டாம். சில இடங்களில் அது 12, 13க்குப் போய் உட்கார்ந்தால், அந்தச் சேனலே தெரியாத சாதனங்கள் காணாமல் போகும். 5க்குப் புதுப் பெயர் வைத்துக் கலந்த முறையை அங்கே கொடுங்கள், அகலம் 80. போனும் லேப்டாப்பும் மட்டும் அதில் புதிதாகச் சேரட்டும், க்யூஆர் கோடு காட்டினால் போதும். சேர்ந்த பிறகு அவற்றிலிருந்து 2.4 பெயரை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் பழக்கதோஷத்தில் அங்கேயே போகும். இரண்டும் ஒரே லேனில் இருப்பதால் 5இல் இருக்கும் போனிலிருந்து 2.4இல் இருக்கும் பிரின்டருக்கு அச்சு போகும். விருந்தினர் நெட்வொர்க்கில் மட்டும் போகாது. அது தனியாக அடைக்கப்பட்டது.

எல்லாம் தயாரானதும் பழையதை அணைத்து, கேபிளை மாற்றி, புதிதில் பெயரை மாற்றிச் சேமியுங்கள். இந்த ரௌட்டர் மனம் குளிரவைத்தது இங்கேதான். சேமித்த இரண்டு நிமிடத்துக்குள் சாதனப் பட்டியல் ஒவ்வொன்றாக நிரம்புகிறது. பல்புகள், பிளக்குகள், டிவி எல்லாம் யாரும் தொடாமலே வந்து சேர்கின்றன. ஆள் மாறியதே தெரியாமல் பழைய கடைக்குள் நுழையும் வாடிக்கையாளர் மாதிரி.

வராமல் நிற்பவை சில இருக்கும். இன்டெல் வைஃபை உள்ள சில பழைய லேப்டாப்புகளில் பழைய டிரைவர் இருந்தால், வைஃபை 6 நெட்வொர்க் பட்டியலிலேயே தோன்றாது. கேபிளில் மாட்டி டிரைவரைப் புதுப்பித்தால் தீரும். விண்டோஸ், ரௌட்டர் மாறியதைக் கண்டுபிடித்துப் பெயருக்குப் பின்னால் ஒரு '2' ஒட்டி, இதைப் பொது இடத்து நெட்வொர்க் என்று முடிவுகட்டும்; கோப்புப் பகிர்வு நின்றுபோகும். நெட்வொர்க் செட்டிங்கில் 'பிரைவேட்' என்று மாற்றினால் சரி. பழையதில் டபிள்யூஇபி என்ற மிகப் பழைய வகைப் பூட்டு இருந்திருந்தால் அதை மட்டும் காப்பாற்ற வழியில்லை. எல்லாவற்றிலும் புதிதாகத்தான் அடிக்க வேண்டும், அடிக்கவும் வேண்டும்.

இன்டர்நெட்டே வரவில்லையென்றால், மோடம் பழைய ரௌட்டரின் மேக் முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். மோடத்தைச் சில நிமிடம் அணைத்துப் போடுங்கள், இல்லையென்றால் 'மேக் குளோன்' பக்கத்தில் பழைய முகவரியைத் தட்டுங்கள். வேகம் 100க்கு மேல் ஏறவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். பழைய கேபிளில் நான்குதான் வேலைசெய்கிறது என்றால் 100 எம்பிபிஎஸ்தான்.

அடாப்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழையது 9 வோல்ட், புதிது 12 வோல்ட், ஆனால் பின் ஒரே அளவு. பழைய அடாப்டரைப் புதிதில் செருகினால் பாதி உயிரோடு ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். மாற்றிச் செருகினால் பழையது புகைந்தும் போகலாம். இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

ஒரு வருடத்தில் ரேடியோவில் குறை சொல்ல எதுவுமில்லை. இரண்டு சுவர் தாண்டியும் 5 நிற்கிறது, வெயில் காலத்திலும் கை வைத்தால் வெதுவெதுப்புதான். கரண்ட் போய் வந்தபின் 5 மட்டும் ஒரு நிமிடம் தாமதமாக வருவதைச் சிலர் கோளாறு என்கிறார்கள். கோளாறில்லை. சேனல் 52 முதல் 144 வரை, ரேடார் இருக்கிறதா என்று 60 விநாடி காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேச வேண்டும் என்பது விதி. 36 முதல் 48க்குள் வைத்தால் காத்திருப்பு இல்லை.

இவ்வளவு நல்ல பெட்டி, ஒவ்வொரு ஃபர்ம்வேர் (ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகும் ஸ்மார்ட் கனெக்டைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. ஒரு வருடத்தில் மூன்று முறை. போன்கள் எதுவும் கவனிக்காது. யாராவது அச்செடுக்கப் போகும்போதுதான் தெரியும். தானாக அப்டேட் ஆவதை நிறுத்தலாம்தான். ஆனால் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வரும் அப்டேட்டைத் தள்ளிப்போடச் சொல்ல வாய் வரவில்லை. ஒழுங்காக அமைத்த அன்றே பேக்கப் கோப்பு ஒன்றை லேப்டாப்பில் எடுத்து வைத்தால், அதே பெட்டியில் அதை ஏற்றி இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பழைய பெட்டியை எறிந்துவிடாதீர்கள். டிஎச்சிபியை அணைத்து, ஐபியை 192.168.1.2 என்று மாற்றி, லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்குக் கேபிள் இழுத்தால், பிரின்டருக்கும் பிளக்குகளுக்கும் மட்டுமான வைஃபையாக அது இன்னும் சில வருடம் ஓடும். பெயரும் பாஸ்வேர்டும் அதில் ஏற்கெனவே இருப்பவைதான், புதிதின் 2.4க்கு வேறு பெயர் வைத்துவிட்டால் போதும்.

நண்பர் மதிப்பெண்ணும் கேட்டிருந்தார். நேற்றென்றால் ஐந்துக்கு நாலரை கொடுத்திருப்பேன். இன்று விடியற்காலை அப்டேட் வந்திருக்கிறது, பிரின்டர் மின்னிக்கொண்டிருக்கிறது. இரண்டு. வேறு வாங்குங்கள்.