பழைய ரூகர் மார்க் 1: அந்த ஒரு சின்னக் கம்பி

அமெரிக்காவிலேயே வேறு ஊரில் இருக்கிற நண்பன் கேட்டான்: "மச்சி, உன்கிட்ட இருக்கிற மாதிரியே பழைய ரூகர் மார்க் 1 பிஸ்டல் ஒண்ணு இங்க கடையில கிடக்கு. வாங்கட்டுமா, இல்ல புது மார்க் 4-க்கே போயிடட்டுமா?" வாட்ஸப்பில் ரெண்டு வரியில் முடிகிற பதில் இல்லை என்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது அறுபதுகளில் வந்த டார்கெட் மாடல். குழல் 6 7/8 அங்குலம், தோட்டா .22 எல்ஆர், மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) 9. இதன் அருமை எதில் என்றால், குழலும் ரிசீவரும் (குழலுக்குப் பின்னால் உள்ள கூடு) ஒன்றோடொன்று திருகி இறுகிய ஒரே துண்டு. குறி பார்க்கிற முன் சைட், பின் சைட் இரண்டும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. சுடும்போது உள்ளே இருக்கும், குழலின் பின்பக்கத்தை அடைக்கிற உருளையான போல்ட் மட்டும்தான் பின்னால் போய் வரும். சைட் அசையாது, குழலும் அசையாது. ஒற்றைக் கையில் பிடித்து 50 கெஜத்தில் சுடுகிற புல்ஸ்ஐ ஆட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குண்டு எங்காவது ஓரமாய்ப் போனால் பழியை என் மணிக்கட்டு ஏற்க வேண்டியதுதான்.

இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு ஜப்பானியக் கதை உண்டு. 1945-இல் இதை வடிவமைத்த பில் ரூகர், போர் முடிந்து திரும்பிய ஒரு மரைன் வீரரிடம் 'பேபி நம்பு' பிஸ்டல் ஒன்றை வாங்கி, தன் கராஜிலேயே அதைப் போல இரண்டு செய்து பார்த்தார். அந்த உருளை போல்ட் அங்கிருந்து வந்தது. 1949-இல் அலெக்சாண்டர் ஸ்டர்ம் பணம் போட, முதல் மாடல் 37.50 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. தகட்டை இரண்டு பாதியாக அழுத்தி எடுத்து, வெல்டிங் செய்து ஒட்டிய பிடி. விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1951-இல் ஸ்டர்ம் இளம் வயதிலேயே இறந்துவிட, பிடியில் இருந்த சிவப்புக் கழுகு முத்திரையைக் கருப்பாக்கினார்கள். சிவப்புக் கழுகு என்றால் இன்று சேகரிப்பவர்கள் தனி விலை கொடுக்கிறார்கள். என்னுடையது கருப்புதான்.

சரி, அழுக்குக்கு வருவோம். .22 தோட்டாவில் பெரும்பாலும் வெறும் ஈயம், அதன் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். சுடச்சுட அந்த மெழுகும் புகைக்கரியும் சேர்ந்து, போல்ட்டின் முகத்திலும் காலி உறையை இழுத்தெடுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலும் கருப்புப் பசையாக அப்பிக்கொள்ளும். நாள்பட்டால் கல்லாகிவிடும், பல் குத்தும் குச்சியை வைத்து நோண்டினால் செதில் செதிலாக வரும். காலி உறை சரியாக வெளியே தெறிக்காமல் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேகசினை எடுத்து, போல்ட்டை இழுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்துகொண்டு டிரிகரை இழுத்துவிட வேண்டும். பிடியின் முதுகில் உள்ள கொண்டியை நெம்பினால் மெயின் ஸ்பிரிங் கூடு கதவு போலத் திறக்கும். கூட்டைக் கீழே இழுத்தால் போல்ட்டைத் தடுக்கிற முளையும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். பிறகு போல்ட் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வரும். ரிசீவரை முன்னோக்கி ரப்பர் சுத்தியலால் தட்டினால் பிடி தனி, குழல் தனி. இதில் எனக்குப் பிடித்த விஷயம், துடைக்கும் கம்பியைக் குழலின் பின்பக்கத்திலிருந்தே நேராக விடலாம். முன்பக்கம் வழியாகக் கம்பியை விட்டு விட்டுக் குழல் வாயைத் தேய்த்துக் கெடுத்த பழைய .22-கள் ஏராளம்.

மாட்டும்போதுதான் பொறுமை போகும். தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கிற சுத்தியான ஹேமரின் பின்னால் ஒரு சின்னக் கம்பி தொங்குகிறது, ஹேமர் ஸ்ட்ரட் என்பார்கள். கூட்டை மூடும்போது அதன் நுனி மெயின் ஸ்பிரிங் மேலே உள்ள குழியில் உட்கார வேண்டும். அது அங்கே உட்காருவதை உங்களால் பார்க்க முடியாது. குழல் முனையைத் தரைக்குக் காட்டி, டிரிகரை இழுத்து ஹேமரை முன்னால் விழ வைக்க வேண்டும். போல்ட்டைத் தடுக்கிற முளையை மேலே ஏற்ற வேண்டும். பிறகு முனையை வானத்துக்கு நிமிர்த்தினால் ஸ்ட்ரட் தன் கனத்தில் பின்னால் சாயும். அந்த நொடியில் கூட்டை மூட வேண்டும். உட்காரவில்லை என்றால்? கூடு சமர்த்தாக மூடிக்கொள்ளும், போல்ட்டை இழுத்தால் பாதியில் நிற்கும். மறுபடி முதலிலிருந்து. இதைவிட நுணுக்கமான துப்பாக்கிகளில் புவியீர்ப்பைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை. பிறகு வந்த மார்க் 3-இல் நடுநடுவே காலி மேகசினைப் போட்டு எடுக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. அந்தப் பாடு நமக்கு இல்லை.

பொறுமை இழந்து ஒரு கடையில் கொடுத்தால், இறுகியிருந்த ரிசீவரை இரும்புச் சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் பளபளவென்று ஒரு தழும்பு, அத்தனை வருடத்து நீலப் பூச்சு அங்கே மட்டும் போயே போச்சு. அன்றோடு வெளியே கொடுப்பதை விட்டேன்.

2016-இல் வந்த மார்க் 4-இல் பின்னால் ஒரு பட்டன். அழுத்தினால் மேல்பாதி மடங்கிக் கழன்றுவிடும், சுத்தியலும் வேண்டாம், சர்க்கஸும் வேண்டாம். 1949-இலிருந்து அந்தப் பட்டன் வர 67 வருடம் ஆகியிருக்கிறது.

ஆகவே மச்சி, மார்க் 4 வாங்கு. பழசின் மேல் ஆசை இருந்தால், போல்ட்டை எடுக்கச் சொல்லி, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கிற ஃபயரிங் பின்னை நிறுத்துகிற குறுக்குப் பின் உள்ளே இருக்கிறதா என்று பார். தனியாகக் கழன்று வரும் துண்டு அது, தொலைத்தவர்கள் நிறைய. அந்தக் குறுக்குப் பின் இல்லாமல், தோட்டா போடாமல் வெற்றாகச் சுட்டிருந்தால் சேம்பர் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் இல்லை, நீ வாங்குவதாகவும் இல்லை என்றால் விலையை எனக்கு அனுப்பு. இரண்டாவதாக ஒன்று இருந்தால் தப்பில்லை.