கோவளத்தில் சர்ஃபிங் வகுப்பு: கடலுக்குப் பயந்தவர்கள் போகலாமா?

மெரினாவில் கணுக்கால் நனைந்ததும் போதும் என்று திரும்பிவிடுகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் பலகையில் நின்று அலைமேல் சறுக்கக் கற்றுத்தருகிற இந்த சர்ஃபிங் வகுப்புக்குக் கட்டாயம் போங்கள். நான் மதுரைக்காரி, நாற்பதைத் தாண்டியவள், கடலோடு எனக்கு இருந்த பழக்கமும் அவ்வளவுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற கோவளம் இது, கேரளத்துக் கோவளம் இல்லை. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012-ல் இங்கே சர்ஃப் பள்ளி தொடங்கினார், அப்புறம் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய பேர் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்கள். நான் சேர்ந்தது வேறொரு சின்னப் பள்ளி.

முதலில் மணலில்தான் பாடம். பலகையில் குப்புறப் படுத்து, கைகளை விலாப்பக்கம் ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து பக்கவாட்டில் நிற்க வேண்டும். எந்தக் கால் முன்னே வர வேண்டும் என்று நம்மைக் கேட்பதில்லை. எதிர்பாராத நேரத்தில் பின்னாலிருந்து லேசாகத் தள்ளுகிறார்கள், தடுமாறும்போது தானாக முன்னே போகிற கால் எதுவோ அதுதான் முன்கால். எனக்கு வலது. இத்தனை வருஷம் இந்த உடம்போடு வாழ்ந்தும் எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது!

தண்ணீரில் இடுப்பளவு ஆழத்தைத் தாண்டவிடுவதில்லை, உடைந்து நுரையாக வருகிற அலையில்தான் பயிற்சி. மேலே மெத்தென்ற ஃபோம் பலகை, அதை நம் பின்கால் கணுக்காலோடு கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். "அக்கா, பலகையப் பாக்காதீங்க, கரையப் பாருங்க" என்று பயிற்சி கொடுத்த தம்பி கத்திக்கொண்டே இருந்தார். விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறியது எனக்குப் பெரிதாகவே படவில்லை, கரையில் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் ஒவ்வொரு தடவையும் திரும்பினேன். எனக்குப் பயம் கடலிடம் இல்லை, நாலு பேர் பார்க்க விழுவதில்தான் என்று அங்கேதான் புரிந்தது. யோசித்துப் பார்த்தால், டான்ஸ் வகுப்பு, மேடைப்பேச்சு என்று நான் தள்ளிப்போட்ட எல்லாவற்றுக்கும் காரணம் இதேதான்.

குறை என்றால், உடை மாற்றுகிற இடம் சரியில்லை, பெண்களுக்கு அது பெரிய சிரமம். சனி, ஞாயிறு கூட்டம் அதிகம், வாரநாளில் விடியற்காலையே போய்விடுங்கள், கடல்காற்று எழும்புவதற்கு முன்னால் அலை சீராக இருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் புதியவர்கள் போகவே வேண்டாம். நீச்சல் தெரியாவிட்டால் பணம் கட்டும்போதே சொல்லிவிடுங்கள், பக்கத்திலேயே ஒரு ஆள் நிற்பார். முழுக்கை பனியனும் லெகின்ஸும் போட்டுக்கொள்ளுங்கள், பலகை உரசி முழங்கை, முழங்கால் எல்லாம் எரிகிறது.