மினி ஆர்க்கிட்டுக்கு எந்தச் சட்டி: மண் கோப்பையா, பார்சல் டப்பாவா, நெட் பாட்டா?

மினி ஆர்க்கிட் கிடைப்பதுகூட இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. அதற்கு அளவான சட்டி தேடுவதுதான் பெரும்பாடு. 4 அங்குலத்துக்குக் கீழே கேட்டால் பெரும்பாலான நர்சரிகளில் கள்ளிச்செடிக்கான பீங்கான் கிண்ணத்தை எடுத்து நீட்டுவார்கள். அடியில் ஓட்டை இருக்காது, இருந்தாலும் பென்சில் நுழையாது. நமக்கு வேண்டியது 2 முதல் 3 அங்குல வாயும், நீர் நிற்காத அடியும், பக்கவாட்டில் கொஞ்சம் காற்றும்.

பெரிய சட்டியில் வைத்து வளர விடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். ரோஜாவுக்குச் சரி, மரத்தில் ஒட்டி வாழும் செடிக்கு ஆகாது. ஆர்க்கிட் வேரைச் சுற்றி வெலமன் என்ற உறை இருக்கிறது. மழை பட்டதும் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு காற்றில் காயும். இரண்டும் மாறி மாறி நடக்க வேண்டும். நாலே வேர் உள்ள செடியைப் பெரிய சட்டியில் வைத்தால், மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் பாசியும் (ஸ்ஃபேக்னம்) மரப்பட்டையும் வேர் எட்டாத இடங்களில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் இலையின் அகலத்தை விட்டுவிட்டு வேர்க்கொத்தின் அளவைப் பார்த்துச் சட்டி எடுங்கள்.

ஆக, சட்டிகளை ஒப்பிட எனக்கு ஒரே அளவுகோல்தான்: ஊற்றிய தண்ணீர் எவ்வளவு நேரத்தில் காய்கிறது? நான் எழுதுவது சென்னை பால்கனிக்கு, வெக்கை தாங்கும் மினி ஆர்க்கிட்களை மனதில் வைத்து: ஃபலனாப்சிஸ் பாரிஷீ, ஸ்கோனார்கிஸ் ஃப்ராக்ரன்ஸ், டொலும்னியா, சின்ன பல்போஃபில்லம்கள். மஸ்டிவாலியா, லெபாந்தஸ் எல்லாம் குளிர் கேட்பவை. அவற்றை ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு விட்டுவிடலாம். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவையில் எல்லாமே இன்னும் சீக்கிரம் காயும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மண். டீக்கடைகளில் வரும் மண் கோப்பைதான் என் முதல் தேர்வு. வாய் விரிந்து அடி குறுகியிருப்பதால் செடியை மாற்றும்போது உருண்டையாக வெளியே வந்துவிடும். சுவர் வழியாக ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் வேருக்குக் கிடைக்கும் அந்தக் குளுமையைப் பிளாஸ்டிக் தராது. வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் நன்றாக வெந்தது. மொத்தென்று ஒலித்தால் வேண்டாம், தினமும் நனைந்தால் உதிர ஆரம்பிக்கும்.

குறை, ஓட்டை இல்லாததுதான். போடுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் ஈரத்துணி மேல் கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் துளையிடும் பிட் போதும், ஆனால் டிரில்லில் ஹேமர் முறையை அணைத்துவிட வேண்டும். 4 மி.மீ. பிட்டில் தொடங்கி 8 மி.மீ.க்குப் போங்கள். அழுத்தவே கூடாது, பிட் தானாக இறங்கட்டும். ஊறிய மண் தூசி கிளப்பாது, சூடேறி விரிசலும் விடாது. தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் பேட்டரி டிரில்தான் பாதுகாப்பு.

மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு சுவரில் வெள்ளையாகப் படியும், அதைத் தொடும் வேர்நுனி கருகும். மழைநீர் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. வேர் சுவரில் அப்பிக்கொண்டால் பிய்க்காதீர்கள். கோப்பையை உடைத்து, ஒட்டியிருக்கும் ஓட்டுச் சில்லோடு புதுச் சட்டியில் வைத்துவிடலாம்.

கொலு சீசனிலும் திருவிழாக் கடைகளிலும் வரும் மண் செப்புச் சாமான்களைப் பார்த்தால் கை தானாக நீளும். பானையும் குடமும் வாய் குறுகலானவை, உள்ளே போன வேர் வெளியே வராது. வாணலி, சட்டி வடிவங்கள் மட்டும் ஆகும், அதுவும் பெயின்ட் அடிக்காததாக இருந்தால். பெயின்டோ வார்னிஷோ மண்ணின் துளைகளை அடைத்துவிட்டால் அது பீங்கான் கிண்ணத்துக்குச் சமம்.

அடுத்து பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் டம்ளருக்குத் தடை, ஆகவே அதைத் தேடி அலைய வேண்டாம். வீட்டுக்குத் தானாக வருவதே போதும்: தயிர் கப், பார்சலில் சட்னி வரும் வட்ட டப்பா. தயிர் கப்பைவிட டப்பாவையே நான் விரும்புவேன், காரணம் அதன் கண்ணாடித்தன்மை. காய்ந்த வேர் வெள்ளிச் சாம்பல் நிறமாகவும், நனைந்த வேர் பச்சையாகவும் வெளியிலிருந்தே தெரியும். எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது. அடியில் உள்ள முக்கோணத்தில் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண் 5 என்றிருந்தால் எடுங்கள். 6 என்றால் ஓட்டை போடும்போதே சிலும்பும். சால்டரிங் அயர்னின் சூட்டு முனையால், வெளிக்காற்றில் வைத்து, அடியில் நாலைந்தும் பக்கச் சுவரின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் சிலவும் போடுங்கள். பக்கத்து ஓட்டைகளை விட்டுவிட்டால் நடுப்பகுதி காயவே காயாது. வெயில் பட்டால் உள்ளே பச்சைப் பாசி பிடிக்கும், பெரிய கெடுதல் இல்லை. காற்றில் கவிழாமல் அடியில் இரண்டு கூழாங்கல் போட்டுவிட்டால் சரி.

மண்ணில்லா வேளாண்மைக்கென்று விற்கும் 2 அங்குல நெட் பாட், அதாவது சுற்றிலும் வலைபோல் கண்ணுள்ள பிளாஸ்டிக் சட்டி, மலிவு, ஓட்டை போடும் வேலையும் இல்லை. ஆனால் கரி, பட்டைத் துண்டு மட்டும் நிரப்பினால் சென்னை வெயிலில் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் போய்விடும். பாசி சேர்த்தால்தான் தாங்கும். வேர்கள் கம்பிகளுக்கிடையே புகுந்து வெளியேறுவதால், அடுத்த முறை நெட் பாட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கொட்டாங்குச்சி பார்க்க அழகு, கம்பி கட்டித் தொங்கவிட வாகு. மூன்று கண்ணையும் துளைத்தாலும் வளைந்த அடியில் ஈரம் தேங்குகிறது. இன்னும் இரண்டு ஓட்டை சேர்க்காமல் பயன்படுத்தாதீர்கள். தேங்காய் மட்டைத் துண்டில் கட்டி வளர்ப்பதானால், உப்பு போக மட்டையைப் பல முறை தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். அதன் பிறகும் தினமும் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும், ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவராது.

எதற்கு எது? டொலும்னியாவுக்கு மண் கோப்பை, உள்ளே நாலு கரித்துண்டு போதும். அது வேகமாகக் காய்வதையே விரும்பும். பாரிஷீக்குக் கண்ணாடி டப்பா. மெல்லிய வேருள்ள பல்போஃபில்லத்துக்கு ஆழமில்லாத மண் சட்டியும் பாசியும். ஸ்கோனார்கிஸ் மட்டையில்தான் நன்றாக இருக்கும், முடியாவிட்டால் நெட் பாட். அந்த நெட் பாட்டை ஓட்டையுள்ள மண் கோப்பைக்குள் இறக்கி வைத்தால் மே மாதத்தையும் தாண்டும்: கோப்பை குளுமை தரும், இடைவெளியில் காற்று ஓடும், வேரும் மண்ணில் அவ்வளவாக ஒட்டாது.

பாசி நிரப்பும்போது ஜப்பானியர் வழி ஒன்று கைகொடுக்கும். வாண்டா ஃபல்காட்டா என்ற சின்ன ஆர்க்கிட்டை அவர்கள் அடியில் பெரிய ஓட்டையுள்ள சட்டியில், நடுவில் வெற்றிடம் விட்டுக் குவித்த பாசியின் மேல் அமர்த்துகிறார்கள். வேர் அந்தக் குவியலைச் சுற்றி இறங்கும், நடுவில் ஈரம் தேங்க இடமே இல்லை. டப்பாவோ கோப்பையோ, நடுவில் ஒரு தெர்மாகோல் துண்டு வைத்துச் சுற்றிப் பாசியைத் தளர்வாகச் சுற்றினால் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கிறது. அமுக்கி அடைக்காமல் இருந்தால் போதும்.