வாடகை வீட்டுச் சுவருக்குப் பெயின்ட்டா, ஒட்டும் வால்பேப்பரா?

செலவு: ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து பூசும் சுவர் பெயின்ட்) ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும் என்பதால் பெயின்ட்டே மலிவு, வால்பேப்பரில், பூ வேலைப்பாட்டைப் பொருத்தி வெட்டும்போது வீணாகும் துண்டுகளுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம்.

உழைப்பு: ஒரே ஒரு சுவர் என்றால், இரண்டும் ஒரு நாள் வேலைதான்.

நீடிப்பு: ஈரம் கசியும் சுவரிலும், தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும் சுவரிலும் வால்பேப்பர் ஓரத்திலிருந்து சுருண்டு எழும்பிவிடும், பெயின்ட்டும் அங்கே உரியும் என்றாலும், உரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

காலி செய்யும்போது: ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டி, அவசரப்படாமல் உரித்தால் வால்பேப்பர் பெரும்பாலும் சுத்தமாக வந்துவிடும், அடர்நீலம் பூசியவரோ, சுவரைப் பழைய வெளிர்நிறத்துக்குக் கொண்டுவர, பிரைமரும் (அடிப்பூச்சு) அதற்கு மேல் இரண்டு பூச்சும் அடிக்க வேண்டும்.

ஆகவே, ஓராண்டுக்குள் வீடு மாறுபவருக்கு வால்பேப்பர். சில ஆண்டுகள் தங்குபவருக்கு, உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும், பெயின்ட்.