இயற்கை அங்காடி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை அலமாரியிலேயே விடலாம்

ஆர்கானிக் ஸ்டோர், மரபுச் சந்தை, நாட்டு மளிகை என்று பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மரபு அரிசி, சிறுதானியம், செக்கு எண்ணெய், கருப்பட்டி, தேன், நெய், அப்புறம் கல்லாப்பெட்டி ஓரமாகச் சிறுதானிய பிஸ்கட், நூடுல்ஸ். தெருமுனை மளிகைக் கடையைவிட விலை நன்றாகவே கூடுதல். அந்தக் கூடுதல் காசுக்கு முழுத் தகுதியான பொருள்கள் இருக்கின்றன. காசைக் கரியாக்குபவையும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. முழுசாக, கண்ணால் பார்த்து, பல்லில் கடித்துச் சோதிக்க முடிகிற பொருளில் ஏமாற்றம் குறைவு. அரைத்து, கலந்து, பளபளப்பான பாக்கெட்டில் அடைத்து வருவதில்தான் அதிகம்.

முதலில் அரிசி. இந்தக் கடைகளுக்குப் போக வேண்டிய முக்கியக் காரணமே அதுதான். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், மரபு நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களில் 2 கிலோ விதைநெல் வாங்கிப்போகும் விவசாயி மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் 2018இல் மறைந்துவிட்டார்; ஆனால் இன்று கடையில் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் காட்டுயானமும் சாதாரணமாகக் கிடைப்பதில் அந்த உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

மரபு அரிசிக்குப் புதிதாக வருகிறவர்கள் தூயமல்லியிலோ கிச்சிலிச் சம்பாவிலோ தொடங்குவது நல்லது. இரண்டும் வெள்ளை அரிசி, சன்ன ரகம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் வழக்கமான சாதம் போலவே சேரும், வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எடுத்த எடுப்பில் காட்டுயானத்தை வாங்கி வடித்த சாதமாகப் பரிமாறினால் மறுநாளே பழைய அரிசிக்குத் திரும்பிவிடுவார்கள். காட்டுயானம் கஞ்சிக்கான அரிசி. மிக்சியில் குருணையாக உடைத்து, பூண்டும் சீரகமும் போட்டுக் கஞ்சி காய்ச்சினால் அதன் ருசி தெரியும். முழு அரிசியாகச் சோற்றுக்குப் போட்டால் வாய் வலிக்கும்.

மாப்பிள்ளைச் சம்பா வாங்கும்போது ஒரு அரிசியைக் கடித்து உடைத்துப் பாருங்கள். சிவப்பு மேல்தோலில் இருக்க வேண்டும், உள்ளே வெளுப்பாக இருக்க வேண்டும். மேலே சிவப்பு சீராக இல்லாமல் கோடு கோடாக, நடுநடுவே வெள்ளை தெரிந்தால் தவிட்டைப் பாதி தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். தவிடு போன மாப்பிள்ளைச் சம்பாவுக்கு இந்த விலை கொடுப்பதில் பொருளில்லை. புழுங்கலாக வாங்கி 8 மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். ஒரு பங்கு அரிசிக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர், குக்கரில் 7 விசில், பிறகு சிறு தீயில் பத்து நிமிஷம். ஊறவைக்காமல் அவசரத்துக்கு வைத்தால் வெளியே குழைந்து உள்ளே நறநறக்கும். ‘இந்த அரிசி வேகவே மாட்டேங்குது’ என்று வரும் புகார்களில் முக்கால்வாசி இப்படி வருபவைதான். சோறாகப் பிடிக்காதவர்களும் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாக நீராகாரம் குடித்துப் பார்க்கலாம். இட்லிக்கு இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்தால் சரியாக வரும். முழுக்க இதையே போட்டால் இட்லி கனத்துவிடும்.

கருப்பு கவுனி செட்டிநாட்டுக் கல்யாண வீட்டு அரிசி. ஊறவைத்த தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இறங்குவதைப் பார்த்துச் சாயம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமி, தண்ணீரில் கரையத்தான் செய்யும். சந்தேகம் தீர ஒரு கரண்டி தண்ணீரில் எலுமிச்சை பிழியுங்கள். இளஞ்சிவப்பாக மாற வேண்டும். இன்னொரு கரண்டியில் சிட்டிகை சமையல் சோடா போட்டால் நீலமோ பச்சையோ ஓடும். நிறம் அசையாமல் அப்படியே நின்றால் அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கவுனி இனிப்புக்கு அரிசியை 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்து, அரிசி நசுங்கும் பதத்துக்கு வெந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும். வேகும் முன்பே இனிப்பு சேர்ந்தால் அரிசி அதற்கு மேல் மெத்தென்று ஆகாது. பிறகு துருவிய தேங்காய், நெய், ஏலக்காய். கவுனிக்குக் கொடுக்கும் காசு இந்த ஒரு இனிப்புக்கே தகும். அதையே அரைத்துக் ‘கவுனி கஞ்சி மிக்ஸ்’ என்று விற்பதை எடுக்க வேண்டாம். எவ்வளவு கவுனி, எவ்வளவு வேறு மாவு என்று கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

பிரியாணிக்குச் சீரகச் சம்பாவை இங்கே வாங்குவதென்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பழசா, புதுசா? இயற்கை அங்காடிகள் விவசாயியிடமிருந்து நேராக எடுப்பதால் அறுவடையான கையோடு புது அரிசியே அலமாரிக்கு வந்துவிடுகிறது. புது அரிசி குழையும், ஒட்டும். ஒரு வருஷமாவது இருப்பு வைத்த அரிசிதான் உதிரியாக வரும். பழசு இல்லை என்று சொன்னால் பிரியாணி அரிசியை வழக்கமான அரிசி மண்டியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுதானியத்தில் முதல் மார்க் குதிரைவாலிக்கும் சாமைக்கும். 20 நிமிஷம் ஊறினால் போதும், ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர், 2 விசில். பொங்கலுக்கும் தயிர்ச் சாதத்துக்கும் அரிசியின் இடத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். தயிர்ச் சாதத்துக்கு மட்டும் பால் தாராளமாக ஊற்றிப் பிசைய வேண்டும், ஆறியதும் இறுகிவிடும். பால் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும் சாமை நன்றாகத் தீட்டியது. லேசாகச் சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில், மங்கலாக இருப்பதை எடுங்கள். தீட்டாத தானியத்தில் முளைப்பகுதியின் எண்ணெய் அப்படியே இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். கடையிலேயே பாக்கெட்டைத் திறக்கச் சொல்ல முடியாதுதான். அரைத்த தேதியைப் பார்த்து, இரண்டு மாதத்துக்கு மேற்பட்டதைத் தவிர்ப்பது பாதுகாப்பு.

வரகில் கல்லும் உமியும் அதிகம். அகலப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் விட்டு, மிதக்கும் உமியை முதலில் வழித்துவிட்டு, பிறகு அரிசி அரிப்பது போல இரண்டு தடவை அரிக்க வேண்டும். அடியில் நிற்கும் மண்ணைப் பார்த்தாலே சரக்கின் தரம் தெரிந்துவிடும். பூஞ்சை வாடையோ கருமையோ தெரிந்தால் கழுவிச் சமாளிக்கப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பூஞ்சை பிடித்த வரகு மயக்கமும் நடுக்கமும் தரும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் 10 யானைகள் செத்தது இப்படிப்பட்ட வரகைத் தின்றதால்தான் என்று ஆய்வில் சொன்னார்கள்.

கம்பை மாவாக வாங்கவே வாங்காதீர்கள். கம்பில் சுமார் 5 சதவீதம் கொழுப்பு இருக்கிறது. அரைத்ததும் அது காற்றோடு சேர்ந்து சில நாள்களில் கசக்க ஆரம்பித்துவிடும். கூழ் கசக்கிறது என்று கம்பின் மேலேயே பழி போடுகிறார்கள். பழி மாவின் வயசுக்குப் போக வேண்டும். முழுக் கம்பு வாங்கி, தேவைக்கு அரைகிலோ மட்டும் மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக்கு இந்தத் தொல்லை குறைவு, கொழுப்பு ஒன்றரை சதவீதம் அளவில்தான். மாவாக வாங்கினாலும் ஒரு மாதம் தாங்கும்.

எண்ணெயில் விலையே பாதி உண்மையைச் சொல்லிவிடும். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் இறங்க ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். எள்ளும் கிட்டத்தட்ட அவ்வளவே. தேங்காய் எண்ணெய்க்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் கொப்பரை. அன்றைய சந்தை விலையில் பருப்பின் விலையைப் பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், ஆட்டுக் கூலியும் பாட்டிலும் சேர்ந்தால் விலை பருப்புக் காசுக்கு மேலேதான் நிற்க வேண்டும். அதற்குக் கீழே ‘மரச்செக்கு எண்ணெய்’ கிடைக்கிறது என்றால் உள்ளே வேறு எண்ணெய் இருக்கிறது.

வாங்கிய பாட்டிலின் அடியில் மெல்லிசாகக் கசடு படிந்திருந்தால் குறையாக நினைக்க வேண்டாம். வடிகட்டாமல் வெயிலில் தெளியவைத்த எண்ணெயில் அது இருக்கும். கலக்காமல் மேலாக ஊற்றிப் பயன்படுத்தினால் போதும். எண்ணெய் முழுக்கக் கலங்கலாக இருந்தால் தெளிய நேரம் கொடுக்காமல் அடைத்திருக்கிறார்கள், ஈரம் மிச்சமிருக்கிறது. அதில் வடை போட்டால் நுரை பொங்கி அடுப்பில் வழியும். நல்லெண்ணெய்க்கு ஆட்டும்போதே கருப்பட்டியோ வெல்லமோ சேர்ப்பார்கள், அதனால் வரும் லேசான இனிப்பு வாசனை நல்ல அடையாளம். இட்லிப் பொடிக்கும் புளிக்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் இந்த எண்ணெய்க்கு நிகர் கிடையாது. ஆனால் மணிக்கணக்கில் பலகாரம் சுடுவதற்குச் செக்கு எண்ணெய் பொருத்தமில்லை. சீக்கிரம் புகையும், மறுமுறை சூடாக்கினால் கெட்ட வாடை வரும். வெளிச்சத்தில் வைத்த கண்ணாடி பாட்டிலைவிட இருட்டில் இருக்கும் தகர டப்பா மேல். கடையில் எண்ணெய் பாட்டில்களை வாசல் வெயிலில் அடுக்கியிருந்தால் எண்ணெயைப் பொறுத்தவரை அந்தக் கடை வேண்டாம்.

கருப்பட்டியில்தான் ஏமாற்றுவேலை அதிகம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பெயரை வைத்தே விற்கிறார்கள். பெயர் மட்டும் போதாது. வட்டை உடைத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பனங்கருப்பட்டியின் முகம் மங்கலாக, கொஞ்சம் பொருபொருவென்று இருக்கும். சீனி கலந்ததில் சின்னச் சின்னப் படிகம் மினுக்கும். ஒரு துண்டை வாயில் அடக்கினால் இனிப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய உப்புக் கரிப்பும் புகை வாசமும் வர வேண்டும். வெறும் தித்திப்பு மட்டும் இருந்து உடனே கரைந்தால் சீனி. ஐப்பசி கார்த்திகை மழையில் நல்ல கருப்பட்டி கசியும். அது குணம், காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் போதும். கரைத்ததும் அடியில் சுண்ணாம்பும் மண்ணும் நிற்கும், பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் வருவது. அதனால் எப்போதும் கரைத்து, துணியில் வடிகட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். காபிக்குப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். பாலை இறக்கிவைத்த பிறகு பாகை ஊற்றுங்கள்.

பனங்கற்கண்டு என்ற பெயரில் வெள்ளையாகக் கண்ணாடி மாதிரி மினுக்குவதை வாங்காதீர்கள். நாட்டுச் சர்க்கரையிலும் வெளிர் மஞ்சளை விட்டுவிட்டு அடர் பழுப்பை எடுங்கள், வெளிர் நிறத்துக்கு ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுக்கும் பழக்கம் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று கருப்பட்டியையும் நாட்டுச் சர்க்கரையையும் கடையில் சொல்லி விற்பது தவறு. இரண்டிலும் பெரும்பகுதி சாதாரணச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான்.

தேனுக்கு வீட்டுச் சோதனை எதுவும் உதவாது. தண்ணீரில் விடுவது, தீக்குச்சியில் தொட்டு எரிப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் சர்க்கரைப் பாகு தாண்டிவிடும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளை ஜெர்மனி ஆய்வகத்தில் சோதித்தபோது 10 தேறவில்லை. தேனீ வளர்ப்பவரின் ஊரும் எடுத்த மாதமும் எழுதியிருக்கும் சின்னப் பாட்டில் வாங்குவது ஓரளவு பரவாயில்லை. உறைந்து கட்டி தட்டினால் கலப்படம் என்று நினைக்க வேண்டாம், நல்ல தேனும் உறையும்; வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். ஒரு வயசுக்குக் குறைந்த குழந்தைக்கு எந்தத் தேனும் தொட்டு வைக்கக் கூடாது.

நாட்டு மாட்டு நெய்க்கும் எண்ணெய்க் கணக்குதான். தயிர் கடைந்து ஒரு கிலோ நெய் எடுக்க ஏறக்குறைய 25 லிட்டர் பால் ஆகும். பெருக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெரிய ஏமாற்றம் சிறுதானிய நூடுல்ஸும் பிஸ்கட்டும். முன்பக்கத்தில் தினைக்கதிர் படம். பின்பக்கத்தைத் திருப்பினால் முதல் பெயர் மைதாவாகவோ கோதுமை மாவாகவோ இருக்கும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். அதனால் தினை முதலில் இல்லாவிட்டால் அது தினை நூடுல்ஸ் கிடையாது. பிஸ்கட்டில் பாமாயிலும் சர்க்கரையும் அடுத்தடுத்து வரும். முருங்கைக்கீரைப் பொடி, முடக்கத்தான் தோசை மிக்ஸ் போன்றவையும் தேவையில்லாத செலவு. கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கி அரைத்து மாவில் கலந்தால் வாசமும் நிறமும் பல மடங்கு. இந்தப் பாக்கெட் சரக்கில் நம்பி எடுக்கக்கூடியது சிவப்பரிசி அவலும் நல்ல கோவில்பட்டிக் கடலைமிட்டாயும்தான்.

ஆர்கானிக் என்று அச்சிட்ட பாக்கெட்டில் அரசின் ஆர்கானிக் சான்று முத்திரை இருக்க வேண்டும். சிறு விவசாயி நேரடியாக விற்பதற்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ‘நாட்டு’, ‘பாரம்பரிய’ என்ற சொற்களுக்கு எந்தச் சான்றும் தேவையில்லை. சாக்கிலிருந்து அளந்து கொடுக்கும் அரிசியை விளைந்த ஊர் எது, எந்தப் பருவம் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிற கடையையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்.

மருந்து அடிக்காத அரிசியில் வண்டு வரத்தான் செய்யும், அதனால் மாதத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். வந்துவிட்டால் உச்சி வெயிலில் காயப்போடாதீர்கள். அரிசி விரிசல் விட்டு, வேகும்போது குருணையாக நொறுங்கிவிடும். நிழலில் துணி விரித்துப் பரப்பினால் வண்டு தானாக வெளியேறும். புடைத்து எடுத்து, காய்ந்த வேப்பிலையோ நாலு வற்றல் மிளகாயோ போட்டு மூடி வையுங்கள்.