மண்டபம் கடலோரத்தில் பூட்டிக்கிடக்கும் வீட்டின் ஈரப்பதத்தைக் கவனிக்க எது: ஏசி கன்ட்ரோலரா, சென்சாரா?

அறை வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் மேலைநாட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் சென்ட்ரல் ஏசிக்கானது. நம் ஸ்ப்ளிட் ஏசிக்கு ஒத்துவராது. அந்த இடத்தில் வருவது ரிமோட் வேலை பார்க்கும் வைஃபை கன்ட்ரோலர். பூட்டிக்கிடக்கும் வீட்டில் ஈரப்பதம் ஏறினால் மதுரையிலிருந்தே ஏசியில் ஈரத்தை இழுக்கும் டிரை மோடு போடலாம். சிக்கல் என்னவென்றால், கன்ட்ரோலர் ஏசிக்கு அனுப்பும் இன்ஃப்ராரெட் சிக்னல் ஒருவழிப் பாதை. கட்டளை போகும், ஏசி ஓடியதா என்று பல மாடல்களுக்குத் தெரியாது.

பேட்டரி சென்சார் எதையும் ஓட்டாது, ஈரப்பதத்தை அளந்து போனில் சொல்லும், அவ்வளவுதான். நினைவகம் உள்ளது என்றால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. ஈரப்பதம் 60 சதவீதத்தில் அலாரம் வைக்காதீர்கள், கடலோரத்தில் போன் ஓயவே ஓயாது, 80 சரி.

இரண்டில் எதை வைத்தாலும் ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் வேண்டும். என் ஓட்டு சென்சாருக்கு, அப்புறம் அலாரம் வந்தால் போய்ப் பார்க்க, சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். ஈரத்தில் கெடும் மெத்தை, மர அலமாரி நிறைய இருந்தால் மட்டும் கன்ட்ரோலர்.