இந்தத் தளம் மட்டும் வெள்ளையாகவே இருக்கட்டும்: டார்க் மோடுக்கு மூன்று வழிகள்

டார்க் மோடு கண்ணுக்கு நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கிறவனுக்கு வெள்ளைத் திரை என்பது முகத்தில் டார்ச் அடிப்பது மாதிரி, அவ்வளவுதான். என் தேவை கொஞ்சம் வேறு. எல்லாத் தளமும் கறுப்பாக வேண்டாம். நான் சொல்கிற தளம் மட்டும் ஆகட்டும், அதைப் பிரவுசர் மறக்காமலும் இருக்கட்டும்.

தாமாகவே நிறம் மாற்றிக்கொள்ளும் தளங்களைப் பற்றிக் கவலையில்லை. கணினியில் இருள் வேண்டுமா ஒளி வேண்டுமா என்று நாம் வைத்திருப்பதைத் தளங்களுக்குச் சொல்லும் வசதி 2019இலேயே குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டது. விக்கிப்பீடியா 2024இல் சொந்தமாக டார்க் மோடு தந்தது. மல்லுக்கட்டு, அப்படி எதுவும் செய்யாத தளங்களோடுதான்.

முதல் வழி, கணினிக் குரோமில் ஒளிந்திருக்கும் ஃப்ளாக், அதாவது சோதனைக்காக வைத்திருக்கும் ஒரு அமைப்பு. எல்லாப் பக்கத்தையும் கட்டாயமாக இருளாக்கும். எதையும் நிறுவ வேண்டாம் என்பது மட்டும்தான் லாபம். ஒரே ஒரு தளத்துக்கு விலக்கு கொடுக்க அதில் இடமில்லை. அணைக்க வேண்டுமென்றால் பிரவுசரையே மறுபடி தொடங்க வேண்டும். எனக்கு ஒத்துவராது.

அடுத்தது ஸ்டைலஸ். ஒவ்வொரு தளத்துக்கும் நாமே சிஎஸ்எஸ் (பக்கத்தின் நிறம், தோற்றத்தைச் சொல்லும் குறிமொழி) எழுதி மாட்டும் நீட்சி, அதாவது பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல். சொன்ன தளத்தைத் தவிர வேறெதையும் தொடாது, நிறமும் நம் கையில். ஒரு வருடம் இதில்தான் இருந்தேன். நான் தினமும் படிக்கும் ஒரு செய்தித் தளத்துக்கு நாற்பது வரி எழுதி, அழகாக வந்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒருநாள் அவர்கள் வடிவமைப்பை மாற்றினார்கள். பின்னணி கறுப்பு, எழுத்தும் கறுப்பு. உட்கார்ந்து சரிசெய்தேன். சில வாரத்தில் மறுபடியும். பக்கத்தின் எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்று சிஎஸ்எஸ்ஸில் சொல்லப் பிடித்துக்கொள்வது அந்தப் பகுதியின் கிளாஸ் பெயரைத்தான். இப்போதெல்லாம் பல தளங்களில் அந்தப் பெயர்களை ஏதோ ஒரு கருவிதான் உருவாக்குகிறது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பெயர் மாறலாம். எழுதுவது ஒரு மாலை வேலை. காப்பாற்றுவதற்கு முடிவே கிடையாது.

மூன்றாவது வழியான டார்க் ரீடர் என்ற நீட்சியின் பக்கம் என்னைத் தள்ளியது இந்தப் பராமரிப்புதான். அது பக்கத்தின் நிறங்களை ஆராய்ந்து தானே மாற்றிவிடுகிறது. சில தளங்களில் தடுமாறத்தான் செய்யும். ஆனால் அவற்றுக்கான திருத்தங்களைத் தன்னார்வலர்கள் ஒரு பொதுக் கோப்பில் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். தளம் மாறினால் யாரோ ஒருவர் சரிசெய்கிறார், நான் தூங்கலாம்.

நிறுவியதும் அது எல்லாத் தளத்தையும் இருளாக்கும். நான் அதைத் திருப்பிப்போட்டேன்: எதுவும் மாறாது, நான் அனுமதித்த தளம் மட்டும் மாறும். ஆல்ட், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இப்போது திறந்திருக்கும் தளத்துக்கு மட்டும் மாறும். பிரகாசத்தையும் தளத்துக்குத் தளம் வேறாக வைக்கலாம். எழுத்தைத் தடிமனாக்கும் ஒரு வசதியும் உண்டு. மெல்லிய தமிழ் எழுத்துருவில் கறுப்புப் பின்னணியில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகிறது என்பவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. கனமான பக்கங்களில் வேகம் குறையும். பின்னணியில்லாமல் கறுப்புக் கோட்டில் வரைந்த படங்கள் சில நேரம் காணாமலே போகும். பெரிய குறை, நாம் திறக்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்கும் அனுமதியை அது கேட்பது. இது வெறும் பயம் இல்லை. தளங்களின் தோற்றத்தை மாற்றப் பலரும் வைத்திருந்த ஸ்டைலிஷ் என்ற நீட்சி, பயனர்களின் உலாவல் வரலாற்றைச் சேகரித்தது 2018இல் அம்பலமாகி, குரோம், ஃபயர்பாக்ஸ் நீட்சிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. டார்க் ரீடரின் மூலநிரல் யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது என்பதால் நான் சம்மதித்தேன். இருந்தாலும் வங்கி வேலைக்கு பிரவுசரில் நீட்சியே இல்லாத தனி புரொஃபைல் வைத்திருக்கிறேன்.

ஃபோனில் என் அனுபவம் இரண்டு மாதம்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் டார்க் ரீடர் ஓடுகிறது, இதுவரை தொல்லையில்லை.

இப்போது என் பட்டியலில் ஒன்பது தளங்கள். ஸ்டைலஸையும் நீக்கவில்லை, அலுவலகத்தின் உள்தளம் ஒன்றுக்கு எழுதிய ஆறு வரி அதில் இன்னும் ஓடுகிறது. அந்தத் தளத்தின் வடிவமைப்பை யாரும் மாற்றப்போவதில்லை.